மதில் மேல் தலை

மாநகராட்சிப் பள்ளி ஹெச்.எம். நாற்காலிக்கு ஒரு விசேஷம் உண்டு: அதில் உட்கார நேரமே கிடைக்காது. இதே பிழைப்பில் மாட்டிக்கொண்ட உங்களுக்குச் சொல்லவா வேண்டும்! மயிலாப்பூரில் நான் பொறுப்பேற்ற அன்றே சொல்லிவிட்டார்கள், பிள்ளைகள் சேராவிட்டால் பள்ளியை மூடி, பக்கத்துப் பள்ளியோடு இணைத்துவிடுவார்களாம்.

கழுத்தில் என்ன?

பிள்ளை பிடிக்கப் பட்டினப்பாக்கம் கிளம்பினேன். மீன் கடை போட்டிருந்த ஓர் அம்மாவிடம், கட்டணம் கிடையாது, காலையில் சாப்பாடு உண்டு, எல்லாமே புது முறைப் படிப்பு என்று தொண்டை வற்றப் பேசினேன். வஞ்சிரத்தைத் துண்டு போட்டுக்கொண்டே கேட்டவர், கத்தியை வைத்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்:

"அதெல்லாம் சரி டீச்சர், உங்க ஸ்கூல்ல டை கீதா?"

தரையில் டீச்சர்

புது முறைப்படி ஆசிரியரும் பிள்ளைகளோடு தரையில் வட்டமாக உட்கார வேண்டும். ஒன்றாம் வகுப்பு சாந்தி டீச்சருக்கு மூட்டுவலி, முனகிக்கொண்டே உட்கார்ந்தார். டை இல்லாவிட்டால் போகட்டும் என்று மனசு மாறி வந்த மீன் கடை அம்மா, மகளைச் சேர்த்துவிட்டுப் போகும்போது சன்னலில் எட்டிப் பார்த்தார். முகம் வாடிவிட்டது. என்னை ஓரமாகக் கூப்பிட்டார்:

"இன்னா டீச்சர், வயசானவங்களப் போய் கீழ குந்த வச்சிக்கீறீங்க? அவங்க இன்னா தப்பு பண்ணாங்க?"

பக்கத்து வீட்டு மாமா

அந்த அம்மா சொல்லி அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் வந்தார்கள். பிள்ளைகள் வாய்விட்டுப் பேசிப் படிக்க வேண்டும் என்பது அடுத்த உத்தரவு. என் சர்வீஸில் இவ்வளவு ஒழுங்காக நிறைவேறிய உத்தரவு வேறில்லை. மதிலை ஒட்டிய வீட்டில் ஒரு மாமா பாட்டு வகுப்பு நடத்துகிறார். தினமும் மதிலுக்கு மேல் அவர் தலை தெரியும்:

"பழைய ஹெச்.எம். இருந்தப்போ இங்க ஸ்கூல் இருக்குன்னே யாருக்கும் தெரியாதும்மா!"

வெண்டைக்காய்க் கணக்கு

இணைப்பை முடிவு செய்ய அதிகாரி வந்தார், சொல்லாமல் கொள்ளாமல். அன்று பார்த்துத்தான் பிள்ளைகள் எல்லாரையும் டீச்சர்களோடு கடைத்தெருவுக்கு அனுப்பியிருந்தேன். அதுவும் புது முறைதான். நேரில் பார்த்துக் கணக்குப் படிப்பது. அதிகாரி வகுப்பு வகுப்பாக நுழைந்தார். ஈ காக்கை இல்லை.

"வெண்டைக்காய் எடை போடப் போயிருக்காங்க சார்" என்றேன். எனக்கே அது பொய் மாதிரிதான் கேட்டது.

"பிள்ளைங்களே இல்லாம எதுக்கும்மா ஸ்கூல்?" என்று பேனாவைத் திறந்தார். 

மதில் மேல் தலை தெரிந்தது. வந்திருப்பது அதிகாரி என்றதும், புகார் சொல்ல இதை விட்டால் வேறு சந்தர்ப்பம் கிடைக்காது என்று மாமா வாசல் வழியாகவே உள்ளே வந்துவிட்டார். அதிகாரி சொன்னது அவர் காதிலும் விழுந்திருந்தது:

"கொழந்தைகளே இல்லையா? அப்போ தெனம் என் பாட்டு கிளாஸை நடக்க விடாம கத்திண்டு இருக்கறது யாரு சார், நீங்களா?"

அதிகாரி சிரித்துவிட்டார். பிள்ளைகள் வெண்டைக்காயும் கூச்சலுமாகத் திரும்பும்வரை காத்திருந்து பார்த்தவர், இணைப்புப் பேச்சை விட்டுவிட்டுப் போனார்.

எத்தனையோ பயிற்சிக்குப் போய்வந்த நான் காப்பாற்ற முடியாமல் நின்ற பள்ளியை, அதன் சத்தம் தாங்காத மனிதர் ஒரே புகாரில் காப்பாற்றிக் கொடுத்துவிட்டு, மறுநாள் காலை வழக்கம்போல மதில் மேல் தலையை நீட்டினார்.