வாயைத் திறக்காமல் தைத்த சட்டைகள்

மாத்தளை டவுனில் நான் வேலை பார்த்த தையற்கூடத்தில் முன்பெல்லாம் பேச்சு ஓயாது. எழுபதுகளின் தொடக்கம். வெளிநாட்டுத் துணிமணி வருவது குறைந்துவிட்டதால் எங்களுக்குக் கை நிறைய வேலை. தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த நாங்களும் டவுன் முஸ்லிம் பெண்களும் மெஷின் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்திக் கதைத்தபடி தைப்போம். கை தானாக ஓடும். ஒருத்தி பிசகினால் பக்கத்திலிருப்பவள் கேலி செய்து திருத்திவிடுவாள்.

முதலாளி தன் மைத்துனரை மேனேஜராக்கினார். வந்த வாரமே அவர், "கதைக்கிறதுக்கா இங்க வாறீங்க? இனி ஒருத்தரும் வாயத் தொறக்கக் கூடாது," என்றார்.

பேச்சு நின்றதும் வேலையும் மந்தமானது. ஊசிகள் முறிந்தன, தையல் கோணியது. அவர் இன்னும் கடுமையானார்.

என் பக்கத்து மெஷின்காரி அப்போது பிள்ளைத்தாச்சி. ஒரு நாள் எதையோ நினைத்துச் சிரித்துவிட்டாள். அவளைச் சுவரைப் பார்த்து நிற்கச் சொன்னார். வேலை முடியும்வரை நின்றாள். வீங்கிய கால் செருப்புக்குள் நுழையாமல் வெறுங்காலோடு வீட்டுக்குப் போனாள். மறுநாள் வரவில்லை. பிறகும் வரவில்லை. அந்தக் காலி மெஷினைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குள் ஏதோ கொதித்தது.

யட்டவத்த ஊர்க் கடைக்காரர் ஒருவர் பையன்களுக்கான பள்ளிக்கூடச் சட்டைகள் கேட்டிருந்தார். பொத்தான் ஓட்டைகளுக்கு மேனேஜரே சுண்ணக்கட்டியால் அடையாளம் போட்டார். பெண்பிள்ளைகளின் சட்டைக்குப் போடுவதுபோல வலது பக்கத்தில் போட்டிருந்தார். முதல் துணியைக் கையிலெடுத்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. எதிரே இருந்தவளுக்கும் தெரிந்தது. என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்து மெஷினை மிதித்தேன். அவளும் மிதித்தாள். நெடுநாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் என் கை பழைய வேகத்தில் ஓடியது. தையல் நூல் பிடித்தாற்போல் நேராக வந்தது.

கடைக்காரர் மூட்டையோடு திரும்பி வந்து எல்லாவற்றையும் மேசையில் கொட்டினார். வெட்டிய ஓட்டையை இனி மூட முடியாது. முதலாளி எங்களிடம் வந்தார்.

"ஏன் புள்ள, இத்தன பேர்ல ஒருத்தருக்குமா தெரியல்ல?"

"தெரிஞ்சிச்சு மொதலாளி," என்றேன். "பேசக் கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க."

மேனேஜரின் முகம் வெளிறியது. அந்த முகத்தை நான் நிதானமாக, கண்ணெடுக்காமல் பார்த்தேன். முதலாளி எங்களைத் திட்டவில்லை. எல்லார் முன்னாலும் மைத்துனரிடம் கூடத்துச் சாவியை வாங்கிக்கொண்டார். அன்று பின்னேரமே கூடத்தில் மறுபடி பேச்சு கேட்டது. வேலையும் நிமிர்ந்தது. பக்கத்து மெஷின்காரியைக் கூப்பிட ஆள் அனுப்பினோம். அவள் வர மறுத்துவிட்டாள்.

சில வருஷங்களுக்குப் பிறகு லக்கல போகும் பஸ்ஸில் அந்தப் பழைய மேனேஜரைக் கண்டேன். நரைத்திருந்தார். இரண்டு கையிலும் சாமான். என் பக்கத்தில் மட்டும்தான் இடம் இருந்தது. அவர் நெருங்கி வந்தபோது அந்த இடத்தில் என் பையைத் தூக்கி வைத்தேன். என்னை அடையாளம் கண்டுகொண்டார் என்றே நினைக்கிறேன். நான் இறங்கும்வரை நின்றுகொண்டே வந்தார்.