ஏழு விரல் வாப்பா

ஒரு பாயின் மேல் ஆறு படங்கள். காற்றுக்குப் பறக்காமல் மூலைக்கொரு சிப்பியை வைத்து, அவர் எனக்கு விரித்துக் காட்டினார். ஆறிலும் ஒரே படகு, ஒரே மஞ்சள் சூரியன், படகைவிடப் பெரிய ஒரே வாப்பா. அந்த வாப்பாவின் வலது கையில் ஏழு விரல்கள் இருந்தன. முதல் படத்தில் எண்ணியபோது கை தவறிவிட்டதாக்கும் என்று நினைத்தேன். இரண்டாவதிலும் எண்ணினேன், மூன்றாவதிலும் எண்ணினேன். கடைசிப் படம் வரை ஏழுதான். "சின்னப் புள்ளைகள் விரல எண்ணிக் கீறுறதில்ல. போதுமெண்டு தோணுற வரைக்கும் கீறுவாங்க," என்றார் அவர், நான் கேட்பதற்கு முன்பே.

அவரை அக்கா முறையில் ராத்தா என்றுதான் கூப்பிடுவேன். எங்களுக்கு உறவு இல்லை. என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர் என்பதால் வந்த அழைப்பு அது. மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்த குடும்பத்தில், புத்தளத்து அகதி முகாமொன்றில் வளர்ந்தவர். கற்பிட்டி வீதியில் உள்ள முன்பள்ளிகளின் சுவர்களில் யானையும் கிளியும் பூசணிக்காயும் வரைவதுதான் அவருடைய தொழில். கொழும்பில் திரைப்படப் படிப்பில் கடைசி வருட மாணவியாக இருந்த நான், ஒரு குறும்படத்துக்காக அவரைத் தேடிப் போனேன். கதை சின்னது. ஆலங்குடாவில் ஒரு மீனவர். அவருடைய ஒன்பது வயது மகள் தன் வாப்பாவைப் படமாக வரைந்து சுவரில் ஒட்டி வைக்கிறாள். கடலில் ஒன்றும் கிடைக்காமல் திரும்பிய அவர், எரிச்சலில் அதைக் கிழித்துப்போடுகிறார். பிறகு இருவரும் சேர்ந்து ஒட்டுகிறார்கள். அவ்வளவுதான்.

ஒரு பிள்ளையையே வரையச் சொன்னால் என்ன என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் தொடங்கினேன். நடிக்க வந்த சிறுமி முதலில் வரைந்த படம் அருமையாக இருந்தது. அதே மாதிரி இன்னொன்று வேண்டும் என்றதும், அவள் ஓர் ஆட்டையும் மூன்று தென்னை மரங்களையும் வரைந்து தந்தாள். "வாப்பாவத்தான் முதல்லயே கீறிட்டனே," என்றாள். ஒரு காட்சியைப் பல முறை எடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரு படம் கிழியும். எல்லாம் அச்சில் வார்த்தது போல இருக்க வேண்டும். ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப வரையப் பிள்ளைகளால் ஆகாது. அதற்குத் தேர்ந்த கை வேண்டும்.

தேர்ந்த கையே பிறகு பிரச்சினையாகவும் ஆனது. ராத்தா முதலில் வரைந்த படத்தில் படகின் வளைவு துல்லியமாக விழுந்திருந்தது. அலைக்கு நிழல் இருந்தது. சிறுபிள்ளை கீறியதாக யாரும் நம்பமாட்டார்கள். நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. பத்து நாள் தவணை கேட்டார். அந்தப் பத்து நாளும், முன்பு தாம் சுவர் வரைந்த ஒரு முன்பள்ளிக்குப் போய், குட்டிக் கதிரையொன்றில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து, பிள்ளைகள் படம் கீறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். பாஸ்டல் வண்ணக்குச்சியை முறியும்வரை அழுத்துவார்கள், வானத்தைத் தாளின் உச்சியில் ஒரு நாடாவாகத் தீட்டிவிட்டு நடுவை வெள்ளையாக விட்டுவிடுவார்கள் என்றெல்லாம் பிறகு எனக்குச் சொன்னார். அப்படி வந்தவைதான் அந்த ஆறு படங்கள்.

"ஏன் புள்ள ஆறு?" என்று அன்று கேட்டார். கிழிக்கப் போகிறோம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பத்து நாள் உட்கார்ந்து பார்த்தவரிடம் அதை எப்படிச் சொல்வது? "ஷூட்டிங்கில ஊத்தையாகும் ராத்தா. அதுக்குத்தான்," என்றேன். அவர் தலையாட்டினார்.

படப்பிடிப்பு ஆலங்குடாவில், என் சாச்சாவின் வீட்டில் நடந்தது. வாப்பாவின் தம்பியான அவர் கடல் தொழிலாளி. மீனவராக நடித்ததும் அவர்தான். வாசல் வழியே கடல் தெரிய வேண்டும் என்று கமராவை வைத்திருந்தோம். பட்டத்தைப் பிடித்துக்கொண்டு அலைமேல் சறுக்கும் வெள்ளைக்காரர்கள் குறுக்கே வந்துகொண்டே இருந்ததால், அவர்கள் விலகும்வரை காத்திருந்து காத்திருந்து பின்னேரமாகிவிட்டது. கடைசியில் கடல் வெறிச்சென்று கிடைத்ததும், தொடங்குங்கள் என்று சைகை காட்டினேன். சாச்சா உள்ளே வந்தார். சுவரிலிருந்து படத்தைப் பிடுங்கினார். கிழிக்கப் பார்த்தார். தாள் கிழியவில்லை. தடித்த தாள், அதன்மேல் மெழுகு போல அப்பிய பாஸ்டல். கடல் வலை இழுக்கும் கையால் இன்னும் பலமாக இழுத்தார். ஒரு மூலை மட்டும் கோணலாகப் பிய்ந்து வந்தது. சாச்சா சிரித்துவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நான் திரும்பிப் பார்த்தபோது, பஸ்ஸில் வந்திறங்கிய ராத்தா பாஸ்டல் பெட்டியுடன் குசினி வாசலில் நின்றுகொண்டிருந்தார். படங்கள் அழுக்கானால் சரிசெய்து கொடுக்கவென்று வந்திருந்தார்.

சிரிப்பு நின்றது. அவர் வந்து அந்தப் பிய்ந்த மூலையை எடுத்துப் பார்த்தார். "முதல்லயே சொல்லியிருக்கலாமே," என்றார். எனக்கு முகம் எரிந்தது. "மன்னிச்சுக்கொள்ளுங்க ராத்தா" என்று தொடங்கினேன். அவர் அதைக் காதில் வாங்கவே இல்லை. "சொல்லியிருந்தா மெல்லிய தாளில கீறியிருப்பன். இந்தத் தாள் இப்பிடிக் கிழியாது. சவரம் செய்ற பிளேட் ஒண்டு எடுங்க."

மிச்சமிருந்த ஐந்து படங்களையும் கவிழ்த்துப் போட்டு, முதுகில் பிளேட்டின் நுனியால் மயிரிழை ஆழத்துக்கு ஒரு கோடு இழுத்தார். வாப்பாவுக்கும் படகுக்கும் நடுவே போகும் கோடு. முன்பக்கம் ஒன்றும் தெரியவில்லை. எங்கே பிடித்து எந்தப் பக்கம் இழுக்க வேண்டும் என்று சாச்சாவுக்குக் காட்டிக் கொடுத்தார். அடுத்த தடவை படம் இரண்டாகப் பிரிந்தது. சத்தம்கூட நன்றாக வந்தது. எனக்குத் திருப்தி. ராத்தாவின் முகத்தில் அது இல்லை.

"இவர் ஏன் பார்க்காமக் கிழிக்கிறார்?" என்று கேட்டார்.

"கோவம், ராத்தா."

"கோவமெண்டாலும் கண்ணில படுமே. முகாமில நான் கீறினதுகள எங்கட ஆக்கள் அடுப்புப் பத்தவைக்க எடுப்பாங்க. கோவத்தில இல்ல, தாளெண்டு. ஒருத்தரும் திருப்பிப் பார்த்ததில்ல. அது வேற. இவர் வாப்பா. மகள் தன்னத்தான் கீறியிருக்கிறாள் எண்டு தெரிஞ்ச பிறகு கிழிச்சாத்தான் அவருக்கு வலிக்கும்."

புகார் சொல்லும் குரலில் அல்ல, சுவருக்கு எந்த நிறம் பொருந்தும் என்று சொல்லும் குரலில் சொன்னார். நான் காட்சியை மாற்றினேன். சாச்சாவை அந்தப் படத்தின் முன்னால், மனதுக்குள் இருபது வரை எண்ணும்வரை நிற்கச் சொன்னேன். சாச்சா எண்ணவில்லை என்று பிறகு ஒப்புக்கொண்டார். அந்தப் பெரிய உருவத்தைப் பார்த்தபடியே நின்றுவிட்டாராம். நாலாவது தடவையில் எல்லாம் கூடி வந்தது.

கொழும்பில் படத்தைத் திரையிட்டார்கள். முடிந்ததும் ஒரு விரிவுரையாளர் எழுந்து, கிழிப்பதற்கு முன் அந்த மனிதர் அவ்வளவு நேரம் பார்த்து நிற்கிறாரே, அதுதான் இந்தப் படத்தின் உயிர், அதை எப்படி யோசித்தீர்கள் என்று கேட்டார். ஒலிவாங்கி என் கையில் இருந்தது. "எழுதும்போதே அப்படித்தான் இருந்தது," என்றேன். கைதட்டினார்கள். படத்தின் முடிவில் ஓவியம் என்ற வரிக்கு எதிரே ராத்தாவின் பெயர் இருந்தது. அதனால் நான் கள்ளி இல்லை என்று எனக்கே பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தத் திரையிடலுக்கு அவர் வரவில்லை. குறும்படத்தை அவருடைய கைத்தொலைபேசிக்கு அனுப்பி வைத்தேன். நல்லாயிருக்கு என்று ஒரு சொல்லில் பதில் வந்தது.

இப்போது நான் புத்தளத்தில் கல்யாண வீடியோக்கள் எடுக்கிறேன். அடுத்தவர் கொடுத்த யோசனையை யாராவது தன்னுடையதென்று சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த ஒலிவாங்கியின் கனம் தெரியும். போன மாதம் ராத்தா உச்சமுனையில் ஒரு முன்பள்ளிச் சுவரை வரைகிறார் என்று கேள்விப்பட்டு, படகேறிப் போனேன். ஏணியில் நின்று ஓர் ஆமைக்கு ஓடு தீட்டிக்கொண்டிருந்தார். கண்ணாடி போட்டிருந்தார். நான் கீழே நின்று நடந்தது முழுவதையும் சொன்னேன். கேள்வியையும், நான் சொன்ன பொய்யையும், கைதட்டலையும். அவர் தூரிகையை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அது கிடக்கட்டும். சாச்சா பார்த்துக்கொண்டு நிக்கிற நேரம், அந்த ஹோல்ல இருந்த சனம் என்ன செஞ்சது?"

"ஒண்டும் செய்யல்ல ராத்தா. மூச்சுச் சத்தம்கூட இல்ல."

"எல்லாருமா என்ட படத்தப் பார்த்தாங்க?"

"ஓம். எல்லாரும்."

"எத்தின பேர் இருக்கும்?"

"இருநூறு பேர் இருக்கும்."

தூரிகை நின்றது. பச்சை ஒரு துளி சுவரில் வழிந்து இறங்கியது. அவர் அதைத் துடைக்கவில்லை. "இருநூறு பேர்," என்று சுவரைப் பார்த்துத் தனக்குத்தானே சொன்னார். பிறகு ஏணியிலிருந்து மெதுவாக இறங்கி வந்து, அதன் கடைசிப் படியில் உட்கார்ந்து, "எங்க, முதல்லயிருந்து சொல்லு," என்றார்.