வழவழப்பான இதயம்

1

பாண்டீஸ்வரியின் நெஞ்சைத் திறந்துதான் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று முடிவானபோது, அதற்கு ஆதாரமாக மருத்துவரின் மேஜைமேல் இருந்தது நாங்கள் செய்து கொடுத்த பிளாஸ்டிக் இதயம். நாங்கள் என்றால் நானும் தனபாலும். மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் சி.டி. ஸ்கேன் பிரிவில் நான் சீனியர் டெக்னீஷியன். தனபால் என்னோடு படித்தவன், இப்போது அதே பிரிவில் என்னோடு வேலை செய்கிறவன். ஒருவரையொருவர் மாப்ள என்றுதான் கூப்பிடுவோம்.

ஸ்கேன் எடுத்தால் இதயம் நூற்றுக்கணக்கான மெல்லிய படங்களாக வரும். அவற்றை அடுக்கி, எது ரத்தம், எது சதை என்று நிறம் பூசிப் பிரித்து, முப்பரிமாண உருவமாக்கி, 3டி பிரிண்டரில் பிளாஸ்டிக் மாடலாக அச்சிட்டுக் கொடுப்பது எங்கள் வேலை. விலையுள்ள மென்பொருள் கேட்டால் நிர்வாகத்துக்குக் காது கேட்காது. அதனால் ஓப்பன் சோர்ஸ். யாரும் இறக்கிக்கொள்ளலாம், அது எப்படி வேலை செய்கிறது என்று உள்ளே திறந்தும் பார்க்கலாம். எங்கள் இதய மருத்துவர் அதற்கு வைத்த பெயர் ஓசி சாப்ட்வேர். கேலி செய்துகொண்டேதான் ஒவ்வொரு கேஸுக்கும் மாடல் கேட்பார்.

அவருக்கு ஒரு பலவீனம், மாடல் அழகாக இருக்க வேண்டும். பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுவார். "என்னய்யா இது, பலாப்பழம் மாதிரி சொரசொரன்னு இருக்கு" என்பார். அதனால் பிரிண்ட் போடும் முன் ஸ்மூத்திங் கொடுத்து மேடுபள்ளத்தைச் சமன் செய்வது எங்கள் பழக்கமாகிவிட்டது. இந்த வேலையில் தனபாலிடம் கல்யாண ஆல்பத்தில் முகம் திருத்துகிறவன் கெட்டான்.

2

பாண்டீஸ்வரி பழங்காநத்தத்தில் இட்லிக்கடை நடத்துகிறவர். இதயத்தின் மேல் அறைகளுக்கு நடுவிலுள்ள சுவரில் பிறவியிலேயே ஓட்டை. ஓட்டையைச் சுற்றிப் போதிய விளிம்பு இருந்தால், தொடையிலுள்ள ரத்தக்குழாய் வழியாகக் குடை போன்ற ஒன்றை அனுப்பி அடைத்துவிடலாம். விளிம்பைப் பிடித்துக்கொண்டு அது நிற்கும். விளிம்பு இல்லையென்றால் நெஞ்சைத் திறக்க வேண்டும். எக்கோ பரிசோதனையில் கீழ் விளிம்பு சரியாகத் தெரியாததால்தான் சி.டி. எடுத்தோம். எங்கள் மாடலிலோ அந்த இடத்தில் விளிம்பே இல்லை.

சேதி கேட்டு அந்த அம்மா நேராக எங்கள் அறைக்கே வந்துவிட்டார்.

"நெஞ்சத் தொறந்தா எம்புட்டு நாளைக்குண்ணே கனம் தூக்கக் கூடாது?"

"மூணு மாசமாவது ஆகும்மா."

"அதுவரைக்கும் கடைய மூடுனா, வர்ற ஆளுக எதுத்த கடைக்குப் போயிருவாக. பெறகு நம்ம கடைக்கு வருவாகளா? நல்லாப் பாத்தீகளாண்ணே?"

"பாத்தோம்மா" என்றேன். அவர் போன பிறகு அந்த வார்த்தை உறுத்தியது. மாடலின் வெளிக்கோட்டை அசல் ஸ்கேன் படத்தின்மேல் போட்டு ஒத்துப் பார்ப்பது என்று ஒரு படி உண்டு. அதைச் செய்தாயா என்று தனபாலைக் கேட்டேன்.

"அதுக்கு எங்க மாப்ள நேரம் இருந்துச்சு?"

இரண்டு பேரும் உட்கார்ந்து போட்டுப் பார்த்தோம். ஸ்கேனில் ஓட்டைக்குக் கீழே சாம்பல் நிறத்தில் மெல்லிய கோடு ஒன்று ஓடியது. மாடலில் அது இல்லை. செய்த படிகளை ஒவ்வொன்றாக ரத்து செய்துகொண்டே பின்னால் போனோம். ஸ்மூத்திங்கை எடுத்ததும் விளிம்பு வந்து நின்றது. அவ்வளவு மெல்லிய சதையைப் பிசிறு என்று எண்ணி ஸ்மூத்திங் சீவிவிட்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அப்படியொரு நிம்மதி.

"பாத்திரம் தேய்க்கிற மாதிரித் தேய்ச்சிருக்கயேடா."

"அவருதான மாப்ள பளபளன்னு கேட்டாரு?"

மருத்துவரை அழைத்துத் திரையைக் காட்டினோம். "ஓசி சாப்ட்வேர் கவுத்துருச்சா?" என்றார்.

"இல்ல சார். சொன்னதத்தான் அது செஞ்சுச்சு. நாமதான் அழகு கேட்டோம்."

அவர் விளிம்பைத் தானே அளந்து பார்த்தார். பிறகு, "நாம இல்ல, நான் கேட்டேன்" என்று எழுந்து, அந்த இடத்தைக் குறிவைத்து மறுபடி எக்கோ எடுக்கப் போனார். விளிம்பு உறுதியானது. நெஞ்சைத் திறக்கும் பேச்சு அன்றோடு நின்றது.

3

குடை சிக்கலில்லாமல் பொருந்தியது. சில வாரம் மட்டும் கனம் தூக்க வேண்டாம் என்று சொல்லி அந்த அம்மாவை வீட்டுக்கு அனுப்பினார்கள். நடந்ததை அந்த மென்பொருளை உருவாக்குகிறவர்களுக்கு எழுதினோம். முகம் தெரியாத யாரோ நன்றி சொல்லிப் பதில் போட்டார். புதிய பதிப்பில் ஸ்மூத்திங் பொத்தானுக்குப் பக்கத்திலேயே, மெல்லிய சுவர்கள் மறைந்துபோகலாம் என்று எச்சரிக்கை வருகிறது. எங்கள் அறையில் இப்போது ஒத்துப் பார்க்காமல் எந்த மாடலும் பிரிண்டுக்குப் போவதில்லை. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: படத்தில் இருப்பதைக் காட்டுங்கள், பார்க்கிறவர் பாராட்டுவதற்காக அதில் கை வைக்காதீர்கள்.

சில மாதம் கழித்து அந்தக் கடைக்குச் சாப்பிடப் போனேன். கூட்டம் நெரிந்தது. பாண்டீஸ்வரியின் கணவர் மாவுச் சட்டியை மூச்சு வாங்கத் தூக்கி வந்துகொண்டிருந்தார்.

"இன்னுமாம்மா கனம் தூக்கக் கூடாதுங்கிறாங்க?" என்று கேட்டேன்.

பாண்டீஸ்வரி என் இலையில் இன்னொரு இட்லியை வைத்துவிட்டுக் குனிந்து சொன்னார்.

"டாக்டரு தூக்கலாம்னு சொல்லி ரொம்ப நாளாச்சுண்ணே. இவருகிட்டச் சொல்லிப்புடாதீக."