மோட்டார் காயில் கம்பி

பழைய மோட்டார் காயிலைப் பிரித்து, வார்னிஷ் போகக் கம்பி நுனிகளைத் தீயில் காட்டினேன். கருகல் நாற்றம் மூக்கில் ஏறியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அது அப்பாவின் நாற்றம்.

அப்பாவுக்கு ஹாம் ரேடியோவில் வெளியூர்க்காரர்களோடு பேசும் பைத்தியம். துடியலூர் வீட்டு வாசலில் ஆன்டெனாக் குழாயை நட்டு, அதன் அடியிலிருந்து நாலாபுறமும் இதே மாதிரிக் கம்பிகளைத் தரையில் பரப்பியிருந்தார். அவை இருந்தால்தான் சிக்னல் தூரம் போகும். புதைக்கச் சோம்பல்பட்டு, சைக்கிள் ஸ்போக்கை வளைத்து அங்கங்கே குத்திவைத்தார். மைக்கில் முகம் தெரியாதவர்களிடம், "சொல்லுங்க, நல்லா கேக்குதுங்க" என்று தேன் ஒழுகும். எங்களிடம் பேச்சே கிடையாது.

ஒருநாள் அம்மா தண்ணீர்க் குடத்தோடு கம்பி தடுக்கி விழுந்தாள். மணிக்கட்டு ஒடிந்தது. ஓடிவந்த அப்பா முதலில் கம்பியைத்தான் தூக்கிப் பார்த்தார்.

"அந்துபோச்சா? பாத்து நடக்கத் தெரியாதா உனக்கு?"

பத்து வயதில் எனக்கு அந்த மனுஷனைக் கண்டாலே அருவருப்பு. பிறகு அவருடைய ரேடியோ மட்டும் எனக்குப் பிடித்துப்போனது.

இன்று அதே வாசலில் நான் காயில் கம்பிகளைப் பரப்பி ஸ்போக்குகளைக் குத்திக்கொண்டிருந்தபோது, துணி காயப்போட அம்மா வந்தாள்.

"அம்மா, கம்பிய மிதிச்சுப்போடாத!" என்று கத்தினேன்.

தூக்கிய காலோடு அப்படியே நின்றுவிட்டாள். கோணலாகக் கூடிய அந்தக் கையால் கதவைப் பிடித்துக்கொண்டாள். முகத்தில் கோபமே இல்லை.

"செரி கண்ணு. நான் எங்க கால் வெக்கட்டும்?"