துரவில் கிடக்கும் மலைவேம்பு

நான் ஆறாம் வகுப்பில் படித்தபோது, தோழி ஒருத்தி என் பாடக் கொப்பியைத் திருப்பித் தர வீட்டுக்கு வந்தாள். மண்சுவர், ஓலைக்கூரை, வாசலுக்குக் கயிற்றால் இழுத்துக் கட்டும் ஓலைத் தட்டி. அவள் அந்தத் தட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உங்கடை வீட்டுக்குக் கதவு இல்லையோ? நாய் வராதோ?"

முற்றத்தில் மண்வெட்டிக்குப் பிடி இறுக்கிக்கொண்டிருந்த ஐயா தலையை நிமிர்த்தினார். "வரும் பிள்ளை. வந்து சுத்திப் பாத்திட்டு, எங்களைப் பாவமெண்டு விட்டிட்டுப் போயிடும்."

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். அன்று நான் சாப்பிடாமல் இருந்ததற்குக் காரணத்தை அம்மா கேட்டார், ஐயா கேட்கவில்லை.

அடுத்த கிழமை, தான் கூலிக்குத் தோட்டம் கொத்தும் வீட்டிலிருந்து ஒரு மலைவேம்புக் கன்றை ஈரச்சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தார்.

"தேக்கு வைச்சால் அது முத்த நான் இருக்கமாட்டன். இது கெதியா வளரும். பத்து வருசத்திலை உனக்குக் கதவு."

கிணற்றடியில் நட்டார். குளிக்கும் தண்ணீரை அதன் அடிக்குத் திருப்பிவிடுவது என் வேலை. பக்கத்தில் துளிர்விட்டால் ஐயா நகத்தால் கிள்ளி எறிவார். பிஞ்சிலேயே கிள்ளினால்தான் பலகையில் கணு விழாதாம். எட்டாம் வகுப்பில் நான் அண்ணாந்து பார்க்கும்போது அது கூரையைத் தாண்டியிருந்தது. உயர்தரப் பரீட்சை எழுதி, சிறுவர் பள்ளியொன்றில் தொண்டராசிரியையாகச் சேர்ந்த வருடம் அதைக் கட்டிப்பிடித்துப் பார்த்தேன். என் கைகள் மறுபக்கத்தில் சந்திக்கவில்லை.

குண்டுவீச்சுக்குப் பயந்து வெட்டிய பதுங்குகுழி மூட மரம் தேடி எல்லோரும் அலைந்த காலம் அது. எங்களிடமும் கேட்டு வந்தார்கள். "அது மரமில்லை, பிள்ளையின்ரை கதவு" என்று சொல்லி ஐயா அனுப்பிவிட்டார். எங்கள் குழிக்கும் பனங்குற்றிகளைத்தான் கெஞ்சி வாங்கி வந்து போட்டார்.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு ஆனியில் மரத்தை வெட்டினார்கள். அதற்கு முன்பே ஐயா எங்கேயோ தேடி கதவை நிலையோடு பிணைக்கும் இரண்டு இரும்புப் பிணைச்சல்கள் வாங்கி, தேங்காயெண்ணெய் பூசி, துணியில் முடிந்து கூரை வளையில் செருகி வைத்திருந்தார்.

"ரெண்டு மாசம் நிழலிலை காயட்டும். ஆவணியிலை கதவைப் போட்டிடுவம்" என்றார் தச்சு ஆசாரியார்.

நான் குறுக்கிட்டேன். "பச்சை மரத்திலை புழு வைக்கும். ஆறு மாசம் தண்ணிக்குள்ளை ஊறவேணும். விவசாயப் புத்தகத்திலை கிடக்கு."

"புத்தகம் எழுதினவரின்ரை வீட்டிலை கதவு இருந்திருக்கும், தங்கச்சி. அதுதான் அவர் ஆறு மாசம் பொறுக்கிறார்."

அந்தத் தோழி வீட்டுக் கதவு தேக்கு. எங்கள் கதவிலிருந்து புழு துளைத்த தூள் மாவாக உதிர்வதை அவள் பார்க்கக்கூடாது. ஐயா ஒருமுறை தட்டியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"படிச்ச பிள்ளை சொல்லுது. ஊறட்டும். ஆனால் கதவு வந்தாப்பிறகு பூட்டுத் திறப்பு என்னட்டைத்தான், சொல்லிப்போட்டன்."

தோட்டத்தோரம் துரவு ஒன்று இருந்தது, கல்கட்டாத பழைய கிணற்றுக் குழி. மரத்தை மூன்று குற்றிகளாக அறுத்து அதற்குள் உருட்டிவிட்டோம். மலைவேம்பு பாரமில்லாத மரம். ஒரு முனையை அமுக்கினால் மறுமுனை எழும்பும். ஐயா இடுப்பளவு தண்ணீரில் நின்று கல்லாக அடுக்கி அவற்றைத் தாழ்த்தினார்.

ஐப்பசிக் கடைசியில், இராணுவம் நெருங்க, எல்லோரும் ஊரைவிட்டு வெளிக்கிட வேண்டும் என்ற அறிவித்தல் வந்தது. மழை. வீட்டுக்கு முன் ஒழுங்கையில் அம்மா பொதி கட்டிய சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்க, ஐயாவைக் காணவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தால் துரவுக்குள் நிற்கிறார், நெஞ்சளவு தண்ணீரில், கையில் ஒரு கல்.

"ஐயா, சனமெல்லாம் போகுது! வாங்கோ!"

"மழைக்கு நிரம்பினால் மிதந்திடும் பிள்ளை. ஆரும் விறகுக்கு இழுத்துக்கொண்டு போயிடுவாங்கள். இன்னும் ரெண்டு கல்லு."

ஏறி வந்து, ஈர உடுப்போடு தட்டியை இழுத்து மூன்று முடிச்சுப் போட்டார். அப்படியே கடனீரேரிக்கு அப்பாலுள்ள தென்மராட்சிவரை நடந்தார்.

நாங்கள் ஒரு பள்ளிக்கூடத்தின் வகுப்பறையில் ஒதுங்கினோம். இரண்டாம் நாளே ஐயாவுக்கு இருமல் தொடங்கியது, பிறகு காய்ச்சல். பாயில் படுத்தபடி மடியிலிருந்து அந்தத் துணிமுடிச்சை எடுத்துப் பார்ப்பார். பிணைச்சல்களை அவர் கொண்டுவந்தது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"எத்தினை மாசமாச்சு?"

"அஞ்சு, ஐயா."

"காணாதோ?"

காணும், போதும் என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பாயில் கிடக்கிறவருக்கு அது ஒரு சொல்தான். நான் வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோலச் சொன்னேன்:

"இன்னும் ஒரு மாசம் வேணும்."

"சரி," என்றார்.

மார்கழி பிறந்து நாலாம் நாள் போய்விட்டார்.

பிணைச்சல்கள் இப்போது என் புத்தகப் பையில் இருக்கின்றன. ஆசாரியார் சொன்னபடி விட்டிருந்தால் ஆவணி, புரட்டாதி, ஐப்பசி என்று இரண்டரை மாதமாவது ஐயா ஒரு கதவைத் திறந்து மூடியிருப்பார். அன்று மழையில் அந்தத் துரவுக்குள் இறங்கியிருக்கவும் மாட்டார்.

ஊருக்குத் திரும்ப வழியில்லாமலே ஆறு மாதம் கடந்துவிட்டது. புத்தகம் சரியென்றால் அந்த மரத்தில் இனிப் புழு வைக்காது.