எருமை அசை போடும் நேரம்

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரைக்கு எங்கள் வீட்டில் யாரும் என்னைக் கூப்பிடக் கூடாது. பால் பொங்கினால் பொங்கட்டும். அந்த அரை மணி நேரம் நான் தொலைக்காட்சியில் எருமை பார்த்துக்கொண்டிருப்பேன்.

எருமை என்றால் கைப்பொம்மை. கறுப்புத் துணி உடம்பு, தேங்காய்ச் சிரட்டையில் இழைத்த கண்கள், இடது கொம்பு சற்றே மடங்கியிருக்கும். முதுகில் ஒரு கொக்கு. கொக்கு அவசரக்குடுக்கை, எருமை நிதானம். இரண்டும் ஓர் ஆற்றங்கரையில் குடியிருந்து, வாரம் ஒரு சிக்கலில் மாட்டிக்கொண்டு, சிறு பிள்ளைகளிடம் யோசனை கேட்கும். நான் ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது தொடங்கிய நிகழ்ச்சி. எனக்கு இப்போது முப்பத்தொன்பது வயது. எருமை இன்னும் கரையேறவில்லை.

வீட்டுக்கு யார் வந்தாலும் என் கணவர் இதைச் சொல்லாமல் விடமாட்டார். "கழுதை வயசாச்சு, இன்னும் பொம்மை பாக்கா." வந்தவர்கள் சிரிப்பார்கள். கிரிக்கெட் பார்த்துக்கொண்டே நடுவரைத் திட்டுகிறவரிடம் உமக்குப் பந்து போடத் தெரியுமா என்று யாரும் கேட்பதில்லை. பத்து வருடமாக ஒரே மாமியார் ஒரே மருமகளுக்கு விஷம் வைப்பதைப் பார்க்கிறவர்களையும் யாரும் கேட்பதில்லை. நான் எருமை பார்த்தால் மட்டும் விளக்கம் கொடுக்க வேண்டும். அதனால் கொடுப்பதில்லை என்று என்றைக்கோ முடிவு செய்துவிட்டேன்.

நான் தனியாளும் இல்லை. கைபேசியில் எங்களுக்கு ஒரு குழு உண்டு, பன்னிரண்டு பேர். நடத்துகிறவர் டவுணில் ரத வீதியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் ஓர் அண்ணாச்சி. பேரன் எடுத்தவர். கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் போடுகிற மாமி ஒருவர் எதையும் எழுதமாட்டார், பேசித்தான் அனுப்புவார். பின்னால் அப்பளக் குழவி உருளும் சத்தம் கேட்கும். மற்றவர்கள் வெளியூர்களில் இருக்கிறார்கள். குழுவுக்கு ஒரே சட்டம்தான்: முடிவுப் பாட்டு ஓயும்வரை ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. பாட்டு ஓய்ந்ததும் கிழி கிழியென்று கிழிப்போம்.

இந்த வருடம் கிழிப்பதற்குப் பஞ்சமில்லை. தயாரிப்பு புது ஆட்கள் கைக்குப் போயிற்று. கொக்கின் அலகு மஞ்சளிலிருந்து ஆரஞ்சுக்கு மாறியது. ஆறு வரைந்த படுதாவை எடுத்துவிட்டுக் கணினியில் ஒரு நீலத்தை ஓட விட்டார்கள். எருமைக்கு இமை வைத்தார்கள். மாமியிடமிருந்து உடனே குரல் வந்தது. "ஏண்டிம்மா, இந்த எருமை எல்லாரையும் பாத்துக் கண்ணடிக்கறதே. இது நன்னாவா இருக்கு?" அண்ணாச்சி பழைய அத்தியாயத்தையும் புதியதையும் அருகருகே வைத்துப் படமெடுத்துப் போட்டார். இரண்டு மணி நேரம் இமையைப் பற்றியே பேசினோம்.

உண்மையில் காணாமல் போயிருந்தது வேறொன்று. அதைச் சொல்வதற்கு முன் என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்.

எனக்குத் திக்கும். 'க'வும் 'ப'வும் கடும் பகை. மற்ற எழுத்துகள் அன்றைய நாளைப் பொறுத்தவை. பள்ளியில் பெயர் கூப்பிட்டால் நான் 'உள்ளேன்' என்று சொல்லி முடிப்பதற்குள் வருகைப்பதிவில் மூன்று பிள்ளைகள் தாண்டியிருப்பார்கள். ஆசிரியர் அவசரத்தில் என் வார்த்தையை முடித்தார். அம்மா பாசத்தில் முடித்தாள். கடைக்காரர் வரிசை நீளுகிறதே என்று முடித்தார். நான் பாதியில் விட்ட வாக்கியங்களை ஊரே சேர்ந்து முடித்து வைத்தது. அதில் பலவும் நான் சொல்ல வந்ததே இல்லை.

எருமை மட்டும் முடிக்கவில்லை. ஒவ்வொரு வாரமும் மூன்று கேள்வி கேட்கும். கேட்டுவிட்டு நேராக நம்மைப் பார்த்து அசை போடும். இடப்பக்கம் மூன்று முறை, வலப்பக்கம் ஒரு முறை, பிறகு ஒரு விழுங்கு. அதன்பின்தான் "அப்படியா, நல்லது" என்று சொல்லும். "இன்னிக்கு என்ன சாப்பிட்டே?" என்று அது கேட்ட ஒரு நாள், 'க'வில் மாட்டி, முட்டி, மூச்சு வாங்கி, அது விழுங்குவதற்குள் "கஞ்சி" என்று சொல்லிவிட்டேன். "அப்படியா, நல்லது" என்றது. நான் சொன்ன ஒரு முழு பதிலை முழுதாகக் கேட்ட முதல் ஜீவன் அதுதான். அது பதிவு செய்யப்பட்ட படம், அதற்கு என் குரல் கேட்காது என்று பின்னால் தெரிந்தது. தெரிந்து என்ன? அடுத்த வாரமும் போய் உட்கார்ந்தேன்.

எனக்கு ஐந்து வயதில் ஒரு மகள் இருக்கிறாள். இந்த வருடம் அவளுக்கும் திக்கத் தொடங்கியது. சில பிள்ளைகளுக்குத் தானாகச் சரியாகிவிடும், பேச நேரம் கொடுங்கள் என்றார் மருத்துவர். ஒரு ஞாயிறு அவளும் என்னருகே உட்கார்ந்திருந்தாள். "உனக்குப் பிடிச்ச பழம் எது?" என்று எருமை கேட்டது. இவள் "கொ… கொ…" என்று தொடங்கினாள். "சூப்பர், எனக்கும் அதுதான் பிடிக்கும்" என்றது எருமை.

மகள் தொலைக்காட்சியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "அது கே… கேக்கவே இல்லம்மா" என்றாள். எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள்.

அன்றைக்குப் பழைய அத்தியாயங்களைத் தேடியெடுத்துக் கைபேசியில் நேரம் பிடித்தேன். முன்பெல்லாம் ஒன்பது நொடி. புதியவற்றில் ஒரு நொடிகூட இல்லை. குழுவில் போட்டதும் எல்லோரும் திகைத்துப் போனார்கள். இத்தனை நாள் அலகையும் இமையையும் பார்த்துக்கொண்டு இதைக் கோட்டை விட்டோமே என்றார் அண்ணாச்சி. உடனே காரணத்தையும் நாங்களே கண்டுபிடித்தோம். பொம்மையை ஆட்டுகிறவரை மாற்றிவிட்டார்கள், புதிய கைக்குப் பொறுமை இல்லை. இதை முதலில் சொன்னவள் நான்தான். 'இந்தக் கைக்கு அசை போடவே தெரியவில்லை, கூலிக்கு ஆட்டுகிற கை' என்று எழுதினேன். அந்த வரிக்குப் பதினோரு பேரும் கைதட்டினார்கள்.

தயாரிப்பாளர்களுக்குக் கடிதம் எழுதினோம். எங்களைப் போன்றவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறை அதில் செய்தோம். ஒருவர் குறையையும் விட மனமில்லாமல் இருபத்து மூன்று குறைகளை வரிசையாக அடுக்கினோம். அசை போடும் நேரம் பதினேழாவதாக, கொக்கின் அலகுக்கும் முடிவுப் பாட்டின் மேளத்துக்கும் நடுவில் சிக்கிக் கிடந்தது. நான்கு வரியில் பதில் வந்தது. உங்கள் அன்புக்கு நன்றி. இது குழந்தைகளுக்கான நிகழ்ச்சி. இன்றைய குழந்தைகளின் வேகத்துக்கேற்ப மாற்றியிருக்கிறோம். பெரியவர்களின் பழைய நினைவுகளை மதிக்கிறோம்.

பழைய நினைவாம். நான் என்ன, அந்தக் காலத்தில் நெல்லுச்சோறு மணத்தது என்றா எழுதினேன்? கேள்வி கேட்டால் பதிலுக்கு நில்லு என்று எழுதினேன். இரண்டு நாள் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். அந்த இரண்டு நாளும் என்னிடம் கை நீட்டியவர்களுக்கு ஊசி கொஞ்சம் அழுத்தமாகத்தான் இறங்கியிருக்கும்.

அடுத்த மாதமே ஒரு வாய்ப்பு வந்தது. நிகழ்ச்சிக்காரர்கள் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளி அரங்கத்துக்கு எருமையோடு வருவதாக அறிவித்தார்கள். கடைசியில் பார்வையாளர்கள் கேள்வி கேட்கலாம். பரிசோதனைக் கூடத்திலிருந்து திரும்பும் வழியில் அண்ணாச்சி கடைக்குப் போனேன். அவர் குத்துவிளக்கைத் துடைத்துக்கொண்டே யோசனை சொன்னார்.

"ஏம்மா, நம்ம கேட்டா மதிக்க மாட்டாங்க. ஒம் மகள மேடைக்குக் கூட்டிட்டுப் போயி, அவ வாயால கேக்கச் சொல்லு. அந்தப் பிள்ள திக்கித் திக்கிக் கேட்டா கல்லும் கரைஞ்சிரும்."

நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது.

"எம் பிள்ளைய அங்கன நிப்பாட்ட மாட்டேன் அண்ணாச்சி. அவ பொம்மை இல்ல. நா… நான் கேக்கேன்."

"நீயா?" என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். குழு தொடங்கிய இந்த நான்கு வருடத்தில் நான் அதில் ஒரு முறைகூடக் குரலில் பேசி அனுப்பியதில்லை. அவருக்கு அது தெரியும்.

"நான்தான். எனக்காவத்தான் கேக்கேன்."

"சரிம்மா. பக்கத்துல நான் இருக்கேன்" என்றார்.

அரங்கம் முழுக்கப் பிள்ளைகள். மகளை அடுத்த வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தேன். மேடையில் ஒரு மேசை, அதை மூடிக் கறுப்புத் துணி, துணிக்கு மேலே எருமையும் கொக்கும். பொம்மையை ஆட்டுகிறவர் துணிக்குப் பின்னால் இருந்ததால் முகம் தெரியவில்லை. பக்கத்தில் புது இயக்குநர் ஒலிவாங்கியோடு நின்றார், முப்பது வயதிருக்கும். எருமை தினமும் குளிக்குமா, கொக்குக்குப் பள்ளிக்கூடம் உண்டா என்றெல்லாம் பிள்ளைகள் கேட்டார்கள். நான் கையைத் தூக்கினேன். இன்னோர் ஒலிவாங்கி என் கைக்கு வந்தது.

"எ… எ… எரு…" அதோடு நின்றுவிட்டது. தொண்டைக்குள் கதவைச் சாத்திவிட்டது போல இருந்தது. முன்வரிசையில் தலைகள் திரும்பின.

இயக்குநர் சிரித்த முகத்தோடு உதவிக்கு வந்தார். "எருமை உங்க சின்ன வயசை ஞாபகப்படுத்துதுன்னு சொல்ல வர்றீங்க, கரெக்ட்டா? ரொம்ப நன்றி மேடம்." சிலர் கைதட்டினார்கள். என்னிடமிருந்து ஒலிவாங்கியை வாங்க ஒரு பெண் கையை நீட்டினாள்.

"இல்ல" என்றேன். அந்தச் சொல் திக்கவில்லை. ஒலிவாங்கியை நான் கொடுக்கவும் இல்லை.

அப்போது மேசை மேலிருந்த எருமை பையத் திரும்பியது. மடங்கிய கொம்பும் சிரட்டைக் கண்ணும் நேராக என் பக்கம் வந்து நின்றன. அசை போட ஆரம்பித்தது. இடப்பக்கம் மூன்று, வலப்பக்கம் ஒன்று, ஒரு விழுங்கு. மறுபடியும் இடப்பக்கம் மூன்று.

அண்ணாச்சி என் காதோரம் குனிந்தார். "ஏம்மா, அதே கைதான்."

அதே கைதான். முப்பது வருடத்துக்கு மேலாக நான் பார்த்த கை, மாறவே இல்லை. இன்றைக்கும் அது ஒவ்வொரு கேள்விக்கும் காத்திருக்கிறது. அப்படியானால் படம்பிடித்த பிறகு யாரோ அந்த இடத்தை வெட்டி எறிகிறார்கள். நான் கூலிக்கை என்று திட்டியது இந்தக் கையைத்தான். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தோடேயே சந்தோஷமாகவும் இருந்தது. அது மூன்று சுற்று அசை போட்டது. நான் கேட்டு முடித்தேன்.

"எருமை கேள்வி கேட்டா, பதில் சொல்ல ஏன் நேரம் குடுக்க மாட்டேங்கிய?"

இயக்குநர் மரியாதையாகவே பதில் சொன்னார். "மேடம், இந்தக் காலத்துப் பசங்க வெயிட் பண்ண மாட்டாங்க. ரெண்டு செகண்ட் ஒண்ணும் நடக்கலைன்னா எழுந்து போயிடுவாங்க. அதான் கட் பண்றோம்."

எனக்கு இன்னொரு கேள்வி இருந்தது. அதன் நடுவிலேயே 'ப' வந்து தொலைத்தது. எருமை திரும்பவும் அசை போட்டது. அரங்கமே பார்த்துக்கொண்டிருந்தது. முன்வரிசையில் இரண்டு பிள்ளைகள் எருமையோடு சேர்ந்து வாயை ஆட்டிக்கொண்டிருந்தார்கள், மூன்று இடம், ஒன்று வலம்.

"நான் பே… பேசி முடிக்கிறதுக்குள்ள, எத்தன பிள்ளைங்க எந்திரிச்சுப் போனாங்க?"

அவர் அரங்கத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஒரு நாற்காலிகூடக் காலியாகவில்லை. "அப்படியா, நல்லது" என்றது எருமை. பிள்ளைகள் சிரித்தார்கள். "யோசிக்கிறோம் மேடம்" என்றார் இயக்குநர்.

நிகழ்ச்சி முடிந்து மேடைக்குப் பின்னால் போக முயன்றேன், விடவில்லை. டவுண் பஸ்ஸில் வரும்போதே குழுவுக்கு முதன்முறையாகக் குரலில் பேசி அனுப்பினேன். ஒன்றரை நிமிடம் ஓடியது. எல்லோரும் கடைசிவரை கேட்டார்கள் என்று மாமி பிற்பாடு சொன்னார். அன்றிரவு இரண்டாம் கடிதம் எழுதினோம். அதன் முதல் வரி அந்தக் கைக்கு மன்னிப்பு. அடுத்த வரி ஒரே ஒரு குறை. வேறு எதுவும் இல்லை. அண்ணாச்சி அலகைச் சேர்க்கட்டுமா என்று கேட்டார், கூடாது என்றேன்.

ஏழெட்டு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு ஞாயிறு எருமை "உனக்குப் பிடிச்ச நிறம் எது?" என்று கேட்டுவிட்டு, இடப்பக்கம் ஒரு முறை அசை போட்டது. பிறகு விழுங்கியது. முடிவுப் பாட்டு ஓய்ந்ததும் குழுவில் ஒரே கொண்டாட்டம். இரண்டு நொடி கிடைத்துவிட்டது, நாம் ஜெயித்துவிட்டோம், நன்றி எழுதலாம் என்றார்கள்.

நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு நொடியில் அவள் "ப" வரைக்கும்தான் வந்திருந்தாள். எருமை அடுத்த வேலைக்குப் போய்விட்டது. இந்த முறை அவள் எழுந்து போகவில்லை. பாட்டெல்லாம் முடிந்து விளம்பரம் ஓடிக்கொண்டிருந்த திரையைப் பார்த்து "ப… பச்சை" என்று சொல்லி முடித்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "அது இன்னும் கொ… கொஞ்ச நேரம் மெல்லணும்மா" என்றாள்.

நன்றிக் கடிதம் எழுதவில்லை. அவள் சொன்னதை ஓர் எழுத்து மாற்றாமல் அப்படியே அனுப்பி வைத்தோம். அவளைக் கடிதத்திலும் மேடையேற்ற மனமில்லாமல், சொன்னவரின் வயதைக் குறிப்பிடவில்லை.