ஆறாவது பீங்கான்

எங்கள் வீட்டு நடுக்கூடத்துச் சுவரில் ஒரு மரச் சட்டம் இருக்கிறது. ஆறு பீங்கான் தட்டுகளை நிமிர்த்தி வைப்பதற்காக ஆசாரி அதில் ஆறு பள்ளம் வெட்டிக் கொடுத்தார். ஐந்தில்தான் தட்டு நிற்கிறது. இடது பக்கத்திலிருந்து நான்காவது பள்ளம் காலி. வீட்டுக்கு வருகிறவர்கள் இருக்கிற ஐந்தைப் பார்ப்பதில்லை. நேரே அந்தக் காலி இடத்தைத்தான் பார்ப்பார்கள். முன்பல் விழுந்தவர் வாயைத் திறந்தால் மற்றப் பல்லையா பார்க்கிறோம்?

தட்டுகளுக்கு வெள்ளையும் இல்லாத, சாம்பலும் இல்லாத நிறம். நடுவில் நீல மையில் ஒரே இழுப்பாக இழுத்த ஒரு பூ, ஓரத்தில் இரண்டு கோடு, முதுகில் நான்கு சீன எழுத்து. என் மாமியாருக்கு அது எழுத்து இல்லை, முத்திரை. மாமனார் பினாங்கில் பதினோரு வருஷம் இருந்துவிட்டுக் கப்பலில் லெப்பைக்குடிகாட்டுக்குத் திரும்பியபோது கொண்டுவந்தவை இவை. அங்கே ஒரு பெரிய சீன முதலாளியிடம் கணக்குப்பிள்ளையாக இருந்தாராம். புறப்படும் நாளில் அந்த முதலாளி தன் வீட்டு அலமாரியைத் திறந்து, இது எங்கள் நாட்டு ராஜா சாப்பிட்ட தட்டு என்று சொல்லி எடுத்துக் கொடுத்தாராம். ஒரு வருஷம் ஊரில் இருந்தார், மறுபடி கப்பல் ஏறினார், அங்கேயே மவுத்தாகிவிட்டார். வந்தது ஒரு தந்திதான். ஆக, மாமியாருக்கு அவர் விட்டுப்போனது ஒரு மகனும் ஆறு தட்டும். மகனை எனக்குக் கட்டி வைத்தார். தட்டைத்தான் நம்பித் தரவில்லை.

நம்பாதது சரியாகவும் போய்விட்டது. கல்யாணமாகி வந்த முதல் நோன்புப் பெருநாளுக்கு முந்தின நாள், தட்டுகளை இறக்கிக் கிணற்றடியில் கழுவச் சொன்னார். வருஷத்துக்கு ஒருமுறைதான் அவை இறங்கும். அடுப்புப் புகையும் தெருப் புழுதியும் சேர்ந்து முதுகெல்லாம் பிசுக்கு. எனக்கு அப்போது வாய் சும்மா இருக்காது, இப்போதும் இருப்பதில்லை. "ராசா சாப்ட்டுட்டு கழுவாமயே குடுத்துட்டாரு போலருக்கு" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, சொன்னதற்கு நானே சிரித்தேன். சிரித்ததில் கை ஆடிவிட்டது. தட்டு கிணற்றுக் கல்லில் விழுந்தது.

மாமியார் பின்னால் நின்றிருந்தார். அடிக்கவில்லை, கத்தவும் இல்லை. துப்பட்டியை விரித்துச் சில்லுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். "சிரிச்சு ஒடைச்சுட்டா" என்று ஒரே ஒரு தடவை, யாரிடமும் இல்லாமல் சொன்னார். அன்றையிலிருந்து அதுதான் என் பெயர். "எங்கடி அந்தச் சிரிச்சு ஒடைச்சவ, தண்ணி கொண்டாரச் சொல்லு." "சிரிச்சு ஒடைச்சவளுக்கு ஆம்பளப் புள்ள பொறந்திருக்கு." நான் எதற்காவது சிரித்தால் போதும், அவர் கண் மெல்லத் திரும்பிச் சட்டத்தைப் பார்க்கும். பின்னாட்களில் எங்கள் தெருமுனை வழியாக ஆலத்தியூர் சிமெண்டு லாரிகள் ஓடத் தொடங்கின. லாரி போகும்போதெல்லாம் ஐந்து தட்டும் பல்லைக் கடிக்கிற மாதிரி நறநறக்கும். லாரி செய்கிற வேலைக்கும் என்னைத்தான் முறைப்பார். இப்படியே இருபத்தேழு வருஷம். என்னைக் கட்டிய மாப்பிள்ளையோ சவூதியில் இருந்தார். மனைவிக்கும் தாய்க்கும் நடுவில் நிற்காமலிருக்க எங்கள் ஊர் ஆண்களுக்கு அல்லா கொடுத்த இடம் அது.

ஊரில் தெருவுக்கு ஒரு எஸ்டிடி பூத் வந்திருந்த காலம். பினாங்கில் துணிக்கடை வைத்திருந்த என் தம்பி போன் செய்தான். மகளுக்குக் கல்யாணம், அக்கா கட்டாயம் வர வேண்டும் என்றான். பெரம்பலூருக்குப் போய் போட்டோ எடுத்து, பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டு, எல்லாம் வந்து சேர்ந்த பிறகுதான் மாமியாரிடம் சொன்னேன். அவருக்கு அப்போது எண்பது தாண்டியிருந்தது. கட்டிலைச் சட்டத்துக்கு எதிரே போடச் சொல்லிப் படுத்திருப்பார். போயிட்டு வா என்று சொல்லவில்லை. தலையணைக்கு அடியில் கையை விட்டு ஒரு துணி முடிச்சை எடுத்தார். உள்ளே வெற்றிலை அளவு ஒரு சில்லு. முன்பக்கம் பாதிப் பூ, பின்பக்கம் நான்கு எழுத்தும் முழுசாக. "இதுக்குச் சோடி கொண்டா. எடம் நெறஞ்சுதுன்னா நான் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன். அல்லா மேல ஆணை" என்றார். இருபத்தேழு வருஷத்துக்குப் பிறகு எனக்கு ஒரு வழி கிடைத்தது. முடிச்சை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டுதான் விமானம் ஏறினேன்.

கல்யாணம் முடிந்து கையில் மூன்று நாள் இருந்தது. மற்றப் பெண்கள் குளிர்சாதனக் கடைகளுக்குப் போனார்கள். நான் சீனர்களின் பழைய தெருக்களுக்குப் போக வேண்டும் என்றேன். தம்பிக்குத் தலைவேதனை. "ஊரே பளபளன்னு கடைக்குப் போவுது, நீ ஏன்க்கா குப்பைக் கடைக்கு இழுக்குற?" என்றான். "சோடி இல்லாமப் போனேன்னா, எங்க மாமி கபருக்குள்ள போயும் என்னத் திட்டும்டா, நட" என்றேன்.

அந்தத் தெருக்களில் வீடுகள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கின்றன. கீழே கடை, மேலே மரச் சன்னல், சன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் காயும் துணி. எல்லா வீட்டுக்கும் முன்னால் தூண் வைத்து மூடிய நடைபாதை. வெயிலும் மழையும் படாமல் தெரு முழுக்க நடக்கலாம். ஆனால் வீட்டுக்கு வீடு படியின் உயரம் மாறும். ஏறி இறங்கி ஏறி இறங்கி, முதல் நாள் மதியத்துக்குள் என் முழங்கால் இரண்டும் தனித்தனியாகப் பேச ஆரம்பித்தன. வாசல்களில் தரையை ஒட்டிச் சிவப்பு மாடம், அதில் ஊதுபத்திப் புகை, மூன்று ஆரஞ்சுப் பழம். ஒரு கடையில் காகிதத்தில் மாடி வீடு, கார், சட்டை, செருப்பு. செத்துப்போனவர்களுக்காக எரித்தால் அங்கே போய்ச் சேருமாம். "நம்ம ஆளுங்க உசுரோட வெளிநாடு போயி ஊருக்கு வூடும் காரும் அனுப்புறாங்க. இங்க வூட்ல இருக்கறவங்க போனவங்களுக்கு அனுப்புறாங்க. இது நல்ல ஏற்பாடாருக்கே" என்றேன். தம்பி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "அக்கா, மெல்லப் பேசு, இங்க பாதிப் பேருக்குத் தமிழ் புரியும்" என்றான்.

பழைய சாமான் கடைகள் அதற்கு அடுத்த சந்துகளில் இருந்தன. ஒவ்வொன்றும் சந்து மாதிரியே நீளமாக உள்ளே போகும். சுவர் நிறையக் கடிகாரம், ஒன்று சொல்லும் நேரத்தை இன்னொன்று சொல்லாது. கொம்பு வைத்த பாட்டுப்பெட்டி, சிப்பி பதித்த கட்டில், கை போன பொம்மை, யாரோ எழுதி யாரோ படித்து முடித்த கடிதக் கட்டுகள். கல்யாணப் போட்டோக்கள்கூட விற்பனைக்கு இருந்தன. ஒரு சீனப் பெண் தலையில் பூமுடி வைத்துக்கொண்டு, சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். அவளை யார் வாங்கிப் போய் எந்தச் சுவரில் மாட்டுவார்கள்? அவள் பேரப்பிள்ளைகள் எங்கே? எனக்கு அங்கேயே அலுத்துவிட்டது. வாழ்நாள் முழுக்கத் துடைத்து, மினுக்கி, பிள்ளைகளைத் தொடாதே தொடாதே என்று விரட்டிக் காப்பாற்றிய சாமான்கள் எல்லாம் கடைசியில் இப்படி வந்து தூசு தின்கின்றன. ஒரு மூலையில் பித்தளைக் குடம் ஒன்று கிடந்தது. கழுத்தில் தமிழில் பெயர் வெட்டியிருந்தது. நான் மூன்றாவது வரைக்கும்தான் பள்ளிக்கூடம் போனவள், தடவித் தடவித்தான் படித்தேன். ஒரு பெண்ணின் பெயர். இரவல் போன வீட்டில் தங்கிவிடக் கூடாது என்று வெட்டியது, கடல் தாண்டிச் சீனன் கடையில் தங்கிவிட்டது.

இரண்டு நாள், பன்னிரண்டு பதினைந்து கடை. சில்லைக் காட்டுவேன், தலையாட்டி இல்லை என்பார்கள். சிலர் அதைவிட விலை கூடிய வேறு தட்டை எடுத்து நீட்டினார்கள். மூன்றாம் நாள் கால் வீங்கிச் செருப்புக்குள் போகவில்லை. தம்பியின் பெரிய செருப்பைப் போட்டுக்கொண்டு இழுத்து இழுத்து நடந்தேன். கடைசிச் சந்தின் கடைசிக் கடை. பனியனும் அரைக்கால் சட்டையுமாக ஒரு சீனக் கிழவர் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சில்லை வாங்கிப் பூவை அவர் பார்க்கவே இல்லை. திருப்பி எழுத்தைப் பார்த்தார். பிறகு சிரித்தார். உள்ளே திரும்பி மனைவியிடம் ஏதோ சத்தமாகச் சொல்ல, உள்ளேயும் ஒரு சிரிப்புக் கேட்டது. எழுந்து போய் மாடிப்படிக்கு அடியில் குனிந்து, அழுக்குத் துணியை விலக்கினார். ஒன்றின்மேல் ஒன்றாக இருபது முப்பது தட்டு. அதே பூ, அதே இரண்டு கோடு. வாசலில் ஒரு பூனை மீனும் சோறும் தின்றுகொண்டிருந்ததும் அதே தட்டில்தான்.

தம்பி மலாய்ப் பேச்சில் கேட்டுக் கேட்டு என்னிடம் சொன்னான். "அக்கா, அது ராசா முத்திரை இல்லையாம். கடைப் பேராம். அடுத்த தெருவுல பழைய காலத்துல ஒரு சாப்பாட்டுக் கடை இருந்துச்சாம். தட்டு களவு போவக் கூடாதுன்னு பேர் போட்டு செஞ்சு வாங்குனதாம்." அதைச் சொன்ன கையோடு அவன் முகம் வெளுத்து, அந்தக் கடையில் என்ன கறி சமைத்தார்கள் என்று கிழவரிடம் அவசரமாகக் கேட்டான். பதில் வந்ததும் நெஞ்சில் கைவைத்தான். "காப்பி, ரொட்டி, அவிச்ச முட்டை மட்டும்தானாம். அல்லா காப்பாத்துனான்." கடை மூடியபோது சாமான்களை இந்தக் கிழவரின் தகப்பனார் வாங்கினாராம். அந்தக் கடையில் கணக்கெழுதத் தமிழ் ஆள் யாராவது இருந்தார்களா என்று கேட்கச் சொன்னேன். கணக்கை முதலாளியே பார்த்தாராம். தட்டுக் கழுவத்தான் தமிழ் ஆட்கள் இருந்தார்களாம்.

நான் படியில் உட்கார்ந்து சிரித்தேன். பூனை பயந்து தட்டை விட்டு ஓடுகிற அளவுக்குச் சிரித்தேன். பூனை தின்கிற தட்டுக்கு இருபத்தேழு வருஷம்! சிரித்துக்கொண்டிருக்கும்போதே மாமனார் ஞாபகம் வந்தது. நான் பார்த்ததே இல்லாத மனிதர். பதினோரு வருஷம் தண்ணீரில் ஊறிய கை. கடைக்காரர் கொடுத்தாரோ, இவராகக் கைலிக்குள் வைத்து ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தாரோ, அது அவருக்கும் அல்லாவுக்கும் வெளிச்சம். ஊரில் காத்திருக்கிற சின்னப் பெண்ணின் கையில் எதையாவது கொடுக்க வேண்டும். கொடுக்கிறது தட்டு மட்டுமாக இருந்தால் போதாது என்று ஒரு ராஜாவையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார். சிரிப்பு அதோடு நின்றுவிட்டது. கிழவர் ஒரு தட்டைத் துடைத்து, காசு வேண்டாம் என்று என் மடியில் வைத்தார்.

"தட்டைக் குடுத்துடு, கதையைச் சொல்லாத. முடிஞ்சு போச்சு" என்றான் தம்பி. நானும் அப்படித்தான் நினைத்தேன். தட்டைக் கல்யாணச் சேலைக்குள் சுற்றி, கைப்பையில் வைத்து, மடியை விட்டு இறக்காமல் கொண்டுவந்தேன். திருச்சியில் இறங்கி வேனில் வரும்போது, இனி அந்தப் பெயர் இல்லை என்று நினைத்துப் பார்த்தேன். உடம்பே லேசாகிவிட்ட மாதிரி இருந்தது.

மாமியார் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார். யாரோ தலைவாரி விட்டிருந்தார்கள். பையின் வாயைத் திறந்து நான் கையை உள்ளே விட்டுவிட்டேன். தட்டின் விளிம்பு விரலில் பட்டுவிட்டது.

"கெடைச்சிருக்காதே?" என்று கேட்டார்.

கெடைச்சுதா என்று கேட்கவில்லை. கண் சட்டத்துக்குப் போகாமல் என் பையின் வாயிலேயே நின்றது. நான் போயிருந்த அத்தனை நாளும் அவர் எதற்குப் பயந்துகொண்டு படுத்திருந்தார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. கடையில் கிடைத்துவிட்டால் அது ராஜா தட்டு இல்லை. ராஜா தட்டு இல்லையென்றால் அதைக் கொடுத்தவர் சொன்னதும் நிஜமில்லை.

கையை வெளியே எடுத்துப் பையை மூடினேன். "கெடைக்கல மாமி. மூணு நாளு ஒரு கடை விடாம அலைஞ்சேன். ஒரு சீனக் கெழவரு அந்த எழுத்தப் பாத்தவொடனே எந்திரிச்சு நின்னுட்டாரு. இதெல்லாம் வெலைக்கு வராதும்மா, ஒங்க வூட்டுக்கு எப்புடி வந்துச்சுன்னு கேட்டாரு" என்றேன். எழுந்து நின்றது என்னவோ உண்மைதான்.

மாமியார் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "பின்ன? கடையில கெடைக்கிற சாமானா அது?" என்றார். சில்லை வாங்கித் துணியில் முடிந்து தலையணைக்கு அடியில் வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து என் காலைப் பார்த்தார். "கால் இப்புடி வீங்கிக் கெடக்கே. நிக்காத, உக்காரு" என்று கட்டிலில் நகர்ந்து இடம் விட்டார். அந்தக் கட்டிலில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

பிறகு நான்கு வருஷம் இருந்தார். பெயர் மாறவில்லை. ஆனால் வருகிறவர்களிடமெல்லாம், "எங்க சிரிச்சு ஒடைச்சவ பினாங்கு பூரா தேடிட்டா, சோடி ஒலகத்துலயே கெடையாதாம்" என்பார். 'எங்க' என்பது மட்டும் புதிது.

அவர் மவுத்தாகி நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்த பிறகு, என் பெட்டியைத் திறந்து, ஒளித்து வைத்திருந்த தட்டை எடுத்தேன். காலிப் பள்ளத்தில் வைத்துப் பார்த்தேன். ஆசாரி இதற்கென்றே வெட்டியது போல் உட்கார்ந்தது. ஆறும் வரிசையாக நின்றதைப் பார்க்க, ஏதோ கடையில் விற்பனைக்கு அடுக்கியது மாதிரி இருந்தது. எடுத்துவிட்டேன். இப்போது அடுப்படியில் அதில்தான் நான் கஞ்சி குடிக்கிறேன். என் மருமகள் கழுவும்போது பயந்து பயந்து பிடிக்கிறாள். "மாமி, இத அங்க வச்சா ஆறும் சரியா வந்துடுமே" என்று ஒருநாள் கேட்டாள். "அது ராசா தட்டு, இது பூனை தட்டு. தைரியமாக் கழுவு, ஒடைஞ்சா ஒடையட்டும்" என்றேன். கிழவிக்கு மூளை குழம்பிவிட்டது என்று நினைத்திருப்பாள்.

லாரிகள் இன்னும் போகின்றன. ஐந்து தட்டும் நறநறக்கின்றன. முறைக்கத்தான் ஆள் இல்லை. முழங்கால் மழைக்காலத்தில் அந்தத் தெருவின் படிகளையெல்லாம் மறுபடி ஏறி இறங்குகிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் இன்றைக்கும் நான்காவது பள்ளத்தைப் பார்த்துவிட்டு, அந்த ஒன்று என்னாயிற்று என்று கேட்கிறார்கள்.

"நான்தான். சிரிச்சு ஒடைச்சுட்டேன்" என்கிறேன்.